விஞ்ஞானக் கணக்கும் வீட்டுத் தமிழும்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அந்திக்குப் பின் அன்றாடம் நிகழ்வது ஒன்று உண்டு. ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ பயிலும் பிள்ளை பௌதிகப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, நான்கு வரிக் கணக்கு ஒன்றின் முன் நெடுநேரம் அமர்ந்திருக்கிறான். பின்னர்த் தயங்கித் தயங்கித் தந்தையிடம் வருகிறான். தந்தை கலைப்பட்டதாரி, அல்லது வணிகவியல் பயின்றவர். புத்தகத்தை வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டு, "நாங்கள் படித்த காலத்தில் இதெல்லாம் வேறு விதம், டியூஷன் வாத்தியாரைக் கேள்" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார். தாயாரும் தமக்கு இந்தியில் அவ்வளவு பழக்கமில்லை என்று ஒதுங்கிக்கொள்கிறார்.

இதனால் விளையும் இழப்பு சிறிதன்று. பத்தாம் வகுப்பு முடிந்தவுடன் விஞ்ஞானப் பிரிவா, வணிகவியலா, கலைப் பிரிவா என்று பிள்ளை முடிவு செய்தாக வேண்டும். "எனக்கு விஞ்ஞானம் வராது" என்று அவன் கூறும்போது, அஃது அவனது ஆற்றலைப் பற்றிய தீர்ப்பாகவே கொள்ளப்படுகிறது. ஆயினும் அவன் விடுத்த தவறுகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை விஞ்ஞானத்தைச் சார்ந்தவையாகவே இரா. சொல்லைப் பிறழ உணர்ந்தமை, வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தியமை, அலகை எழுதாமல் விட்டமை ஆகிய வாசிப்புக் குறைகளே அவற்றுள் மிகுந்திருக்கக் காணலாம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நான் இப்பொருள் குறித்துப் பேச முன்வந்ததற்குக் காரணமும் இதுவே. வாசிப்பில் உதவி செய்யப் பட்டம் பெற்ற விஞ்ஞானியாக இருக்கவேண்டியதில்லை.

முதலில் சொற்களை எடுத்துக்கொள்வோம். நம் பிள்ளைகள் மூன்று மொழிகளுக்கிடையே விஞ்ஞானம் கற்கின்றனர். பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆசிரியர் விளக்கம் கூறுவது பல இடங்களில் இந்தியிலோ வங்காளியிலோ மராத்தியிலோ அமைகிறது. வீட்டில் கேட்டுத் தெளிவது தமிழில். முற்றிலும் புதிய சொல்லாயின் பிள்ளை அதை நெட்டுருவாவது செய்துகொள்வான். பழகிய சொல்லே வேறு பொருளில் வரும்போதுதான் சிக்கல் மிகுகிறது.

"அப்பா, அணு பெரியதா, பரமாணு பெரியதா?" என்று தில்லிச் சிறுவன் ஒருவன் கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம். தமிழில் அணு என்பது ஒரு தனிமத்தின் மிகச் சிறிய துகள். அணுக்கள் சில சேர்ந்து அமைவதை மூலக்கூறு என்கிறோம். இந்தியில் அந்தச் சிறிய துகளுக்குப் 'பரமாணு' என்று பெயர். 'அணு' என்னும் சொல் அங்கே மூலக்கூறைக் குறிக்கும். வங்காளியிலும் அவ்வாறே. ஆகவே தந்தை தமிழ் வழக்கை நினைத்து, "அணுதான் யாவற்றிலும் சிறியது" என்று விடையளித்தால், மறுநாள் வகுப்பில் பிள்ளையின் விடை தவறாகிவிடும். அக்குடும்பம் பணி மாற்றலாகிப் பம்பாய்ப் பக்கம், அதாவது இன்றைய மும்பைக்குச் சென்றால் நிலைமை மீண்டும் மாறும். மராத்தியில் 'அணு' என்பது நம்முடைய அணுவேதான். மூலக்கூறுக்கு அவர்கள் 'ரேணு' என்பர். ஒரே எழுத்தும் ஒரே ஒலியும் கொண்ட சொல், இரயிலில் ஒரு நாள் பயணத்தில் பொருள் மாறிவிடுகிறது!

'சக்தி' என்பது மற்றொரு சொல். சூரிய சக்தி, அணுசக்தி என்றெல்லாம் நாம் கூறும்போது, வேலை செய்யவல்ல ஆற்றலையே கருதுகிறோம். இந்திப் பாடநூலில் அதற்கு 'ஊர்ஜா' என்று பெயர். அங்குச் 'சக்தி' என்று வருவது, ஒரு வினாடியில் எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்னும் வீதத்தை, அதாவது தமிழ்ப் பாடநூல்கள் திறன் என்று வழங்குவதைக் குறிக்கும். 'வேகம்' என்பதும் இத்தகையதே. நமக்கு வேகம் என்பது விரைவின் அளவு மட்டுமே. திசையையும் சேர்த்துச் சொல்லவேண்டுமாயின் திசைவேகம் என்கிறோம். இந்தியில் திசை சேராத விரைவுக்குச் 'சால்' என்றும், திசை சேர்ந்ததற்கு 'வேக்' என்றும் பெயர். தமிழ் வேகமும் இந்தி வேக்கும் உடன்பிறந்தார் போல் தோன்றினும் பொருளால் வேறானவை.

1961-இல் மத்திய அரசு நிறுவிய விஞ்ஞானக் கலைச்சொல் ஆணையம் வடமொழி வேர்களைத் தழுவி இந்திச் சொற்களை ஆக்கிற்று. அதே காலத்தில் தமிழ் தனக்குரிய வழியில் சென்றது. பௌதிகம் இயற்பியலாயிற்று, ரசாயனம் வேதியியலாயிற்று. இவற்றுள் எது சிறந்தது என்று வாதிட இது இடமன்று. பழக்கம் காரணமாக நானும் பழைய சொற்களையே இங்கு ஆள்கிறேன். பெற்றோர் செய்யத்தக்கது எளிய செயலே. ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி வகுத்து, பள்ளிச் சொல், அம்மாநில மொழிச் சொல், வீட்டுத் தமிழ்ச் சொல் ஆகியவற்றை எதிரெதிரே எழுதச் செய்யலாம். ஐம்பது சொற்களுக்குள் பத்தாம் வகுப்புப் பௌதிகத்தின் பெரும்பகுதி அடங்கிவிடும்.

இனிக் கணக்கை வாசிக்கும் முறைக்கு வருவோம். "மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் இரயில் வண்டி ஒன்று, தடை போடப்பட்ட பின் 40 வினாடிகளில் நிற்கிறது. அதன் எதிர்முடுக்கம் யாது? நிற்கும் முன் எவ்வளவு தொலைவு சென்றிருக்கும்?" என்பது கணக்கு. இதில் எத்தனை எண்கள் உள்ளன என்று பிள்ளையைக் கேட்டால், "இரண்டு" என்பான். உண்மையில் மூன்று. மூன்றாவது எண் 'நிற்கிறது' என்னும் வினைச்சொல்லுக்குள் மறைந்திருக்கிறது. இறுதி வேகம் 0 என்பதே அதன் பொருள். 'ஓய்வு நிலையிலிருந்து புறப்படுகிறது' என்றால் தொடக்க வேகம் 0. 'கல் நழுவ விடப்படுகிறது' என்றாலும் அவ்வாறே; ஆனால் 'எறியப்படுகிறது' என்றால் அவ்வாறன்று. 'சீராக' என்னும் ஒரு சொல், வேகம் மாறவில்லை என்றோ, வேகம் மாறும் வீதம் மாறவில்லை என்றோ அறிவிக்கும். அது எச்சொல்லைத் தழுவி நிற்கிறது என்று பார்த்தே தெளியவேண்டும். நன்னூல் பயின்றவர்க்கு இவ்வகை நுணுக்கம் புதிதன்று.

கணக்கை முடித்துவிடுவோம். 1 கிலோமீட்டர் என்பது 1,000 மீட்டர். 1 மணி என்பது 3,600 வினாடி. ஆகவே மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 20 மீட்டர் ஆகும். இந்த 20, நாற்பது வினாடிகளில் 0 ஆகிறது. எனவே ஒவ்வொரு வினாடியும் வேகத்தில் அரை மீட்டர் குறைகிறது. அதுவே எதிர்முடுக்கம். வேகம் சீராகக் குறைவதால் சராசரி வேகம் 20-க்கும் 0-க்கும் நடுவிலுள்ள 10. அதை 40 வினாடியால் பெருக்க 400 மீட்டர் வருகிறது. தண்டவாளத்தில் மாடு நிற்பதைக் கண்டவுடன் ஓட்டுநர் வண்டியை ஏன் நிறுத்தவில்லை என்று நாளிதழ் படித்துவிட்டு நாம் வினவுகிறோமே, அதற்கு விடை இந்த 400 மீட்டரில் இருக்கிறது.

இங்கே சராசரியை நடுவில் எடுத்தது பொருந்தியது. எல்லா இடத்திலும் அது பொருந்தாது. ஒரு குடும்பம் 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊருக்கு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறது. சராசரி வேகம் யாது? 60-ஐயும் 40-ஐயும் கூட்டிப் பாதியாக்கி 50 என்று எழுதாத மாணவன் அரியன். செல்ல 2 மணி, திரும்ப 3 மணி, ஆக 5 மணியில் 240 கிலோமீட்டர், விடை 48. மெதுவாகச் சென்ற நேரம் மிகுதியாதலின் சராசரி அப்பக்கம் சாய்கிறது. அடுத்த வினா, "சராசரித் திசைவேகம் யாது?" என்பதாயின் விடை 0. புறப்பட்ட இடத்திற்கே வந்துவிட்டபடியால் இடம்பெயர்ச்சி இல்லை. பணமும் ஒரு நாளும் செலவழித்த குடும்பத்தினர் இவ்விடையை ஒப்புக்கொள்ளத் தயங்குவர். எனினும் விடை சரியானதே. சொற்பட்டியலில் வேகத்தையும் வேக்கையும் பிரித்து எழுதியிருந்தால் இவ்விரு வினாக்களும் ஒன்றுபோல் தோன்றியிரா.

அலகுகளைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். எண்ணை மட்டும் எழுதிவிட்டு அலகைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பிள்ளைகள் கருதுகின்றனர். அரை மதிப்பெண்தான் போகும் என்று அவர்களுக்குள் ஒரு கணக்கும் உண்டு. வகுப்பறைக்கு வெளியே அதன் விலை என்ன என்பதற்கு 1983-இல் கனடா நாட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சான்றாகக் கூறலாம்.

அவ்வாண்டு ஜூலை 23-ஆம் நாள், ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம் ஒன்று மான்ட்ரியாலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் புறப்பட ஆயத்தமாயிற்று. எரிபொருள் அளவைக் காட்டும் கருவி பழுதுபட்டிருந்தது. ஆகவே தொட்டியிலுள்ள எரிபொருளை அளவுகோல் கொண்டு அளந்தனர். 7,682 லிட்டர் இருந்தது. பயணத்திற்குத் தேவையானது 22,300 கிலோகிராம். எஞ்சியதற்கு எத்தனை லிட்டர் ஊற்றவேண்டும் என்பதே கேள்வி. அடர்த்தியைப் பயின்ற எந்த மாணவனும் செய்யக்கூடிய கணக்கு. லிட்டரை நிறையாக மாற்ற ஒரு லிட்டரின் நிறை தெரிந்தாக வேண்டும். ஆவணங்களில் 1.77 என்னும் எண் இருந்தது. 7,682-ஐ 1.77-ஆல் பெருக்கினர், 13,597 வந்தது. அதை 22,300-இலிருந்து கழித்தனர், 8,703. அதை மீண்டும் 1.77-ஆல் வகுத்து, 4,917 லிட்டர் ஊற்றினால் போதும் என்று முடிவு செய்தனர்.

பெருக்கல் சரி, கழித்தல் சரி, வகுத்தலும் சரி. ஆனால் 1.77 என்பது ஒரு லிட்டர் எரிபொருளின் நிறை எத்தனை பவுண்டு என்பதைக் காட்டும் எண், கிலோகிராமை அன்று. கனடா அப்போதுதான் பவுண்டு முறையிலிருந்து மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. கிலோகிராமில் அவ்வெண் ஏறத்தாழ 0.8 ஆகும். அதைக்கொண்டு கணக்கிட்டால் தொட்டியில் இருந்தது 6,150 கிலோகிராம் அளவே. ஊற்றவேண்டியிருந்தது ஏறத்தாழ 20,000 லிட்டர். அதில் நான்கில் ஒரு பங்குதான் ஊற்றப்பட்டது. விமானம் 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீர்ந்து இரண்டு எஞ்சின்களும் நின்றுவிட்டன. விமானி ராபர்ட் பியர்சன் எஞ்சினில்லாத சறுக்கு விமானம் ஓட்டிப் பழகியவர். அந்தப் பேருருவ விமானத்தையும் சறுக்கு விமானத்தைப்போல் மிதக்கச் செய்து, கிம்லி என்னும் ஊரிலிருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். விமானத்திலிருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர்.

இக்கணக்கில் பெற்றோர் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உளது. 1.77 தவறு என்பதை அறியப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. ஜெட் விமான எரிபொருள் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்தது. மண்ணெண்ணெய் நீரில் மிதக்கும் என்பதை ஸ்டவ் பற்றவைத்த வீட்டில் வளர்ந்த எவரும் அறிவர். நீர் ஒரு லிட்டருக்கு ஒரு கிலோகிராம் நிறையுடையது. அதில் மிதக்கும் பொருள் லிட்டருக்கு ஒரு கிலோகிராமிற்குக் குறைவாகவே இருந்தாக வேண்டும். 1.77 கிலோகிராம் என்றால் அப்பொருள் நீரில் மூழ்கிவிடும். விடை வந்தபின் "இஃது உலகத்தில் நடக்கக்கூடியதா?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது, சூத்திரம் அறியாத பெற்றோர்க்கும் கைவரக்கூடிய சோதனை. பிள்ளை ஒருவன் நடக்கும் வேகத்தை மணிக்கு 90 கிலோமீட்டர் என்று எழுதி வந்தால், சூத்திரத்தைப் பார்க்காமலேயே கணக்கைத் திருப்பிக் கொடுக்கலாம்.

நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக மெட்ரிக் அளவைகள் வந்தன. வீசையும் பலமும் ராத்தலும் படிப்படியாக மறைந்தன. ஆதலின் நம் பிள்ளைகளுக்குப் பவுண்டுத் தொல்லை இல்லை. ஆனால் நிறையும் எடையும் என்னும் தொல்லை உண்டு. கடையில் வாங்கும் 10 கிலோ அரிசியின் 'எடை' 10 கிலோ என்று நாம் கூறுகிறோம். பௌதிகத்தில் 10 கிலோகிராம் என்பது அரிசியின் நிறை. எடை என்பது பூமி அதை இழுக்கும் விசை. அது 98 நியூட்டன். கடைக்காரரைத் திருத்த முயலவேண்டாம்.

குளிர்காலத்தில் வடநாட்டில் வாழ்வோர் அனைவரும் அறிந்த ஒரு பொருளைக்கொண்டு அடுத்த கணக்கைச் செய்வோம். 15 லிட்டர் கொள்ளும் வாளி. ஜனவரி மாதத்து நீர், 10 டிகிரி செல்சியஸ். குளிப்பதற்கு 40 டிகிரி வேண்டும். 1,500 வாட் இம்மர்ஷன் ராடு ஒன்று வீட்டில் இருக்கிறது. எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு கிலோகிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். 15 கிலோகிராமை 30 டிகிரி உயர்த்த 15 × 30 × 4.2, அதாவது 1,890 கிலோஜூல். 1,500 வாட் என்றால் வினாடிக்கு 1.5 கிலோஜூல் என்று பொருள். 1,890-ஐ 1.5-ஆல் வகுத்தால் 1,260 வினாடி, 21 நிமிடம். மின்சாரக் கட்டணச் சீட்டிலுள்ள ஒரு யூனிட் என்பது 3,600 கிலோஜூல். ஆகவே ஒரு வாளிக்குச் செலவு அரை யூனிட்டிற்குச் சற்று மேல். ராடின் மேல் அச்சிட்டுள்ள 1,500 என்பது இந்திச் சக்தி; கட்டணச் சீட்டில் வருவது நம் சக்தி. இவ்வொரு வாளி நீரில் அவ்விரு சொற்களும் தெளிந்துவிடுகின்றன.

பிள்ளையிடம் கடிகாரத்தைக் கொடுத்து உண்மையிலேயே பார்க்கச் சொன்னால் 21 நிமிடத்திற்குச் சிறிது கூடுதலாகும். வாளியும் காற்றும் சிறிதளவு வெப்பத்தைக் கவர்ந்துகொள்கின்றன. கணக்கிற்கும் உலகிற்கும் உள்ள இவ்வேறுபாட்டைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும். நீரைத் தொட்டுப் பார்க்குமுன் மின்சாரத்தை நிறுத்திச் செருகியைப் பிடுங்கிவிடவேண்டும் என்பதை மட்டும் பெரியவர்கள் அருகிலிருந்து கவனித்துக்கொள்ளவேண்டும்.

புத்தகத்தின் பின்புறத்து விடையோடு தம் விடை ஒத்துவரவில்லை என்று பிள்ளைகள் மனம் தளர்வதும் உண்டு. கல் ஒன்று இரண்டு வினாடியில் விழும் தொலைவைப் பிள்ளை 19.6 மீட்டர் என்கிறான். புத்தகம் 20 என்கிறது. புவியீர்ப்பு முடுக்கத்தை ஒருவர் 9.8 என்றும் மற்றவர் எளிமை கருதி 10 என்றும் கொண்டதே காரணம். இரண்டும் சரி. விடை 196 என்று வந்தால் மட்டுமே கவலைப்படவேண்டும்.

ரசாயனத்திற்கு வருவோம். சமன்பாட்டைச் சமன் செய்தலில்தான் பிள்ளைகள் முதன்முதல் இடறுகின்றனர். ஹைட்ரஜன் மூலக்கூறில் அணுக்கள் இரண்டு. ஆக்சிஜன் மூலக்கூறிலும் இரண்டு. இவை சேர்ந்து உண்டாகும் நீரின் மூலக்கூறில் ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று. இடப்பக்கத்தில் ஆக்சிஜன் இரண்டு, வலப்பக்கத்தில் ஒன்று, கணக்கு ஒவ்வவில்லை. உடனே பிள்ளை, நீரின் வாய்பாட்டினுள் ஆக்சிஜனுக்குக் கீழே 2 என்று எழுதிவிடுகிறான். எண்ணிக்கை ஒத்துவிட்டது, ஆனால் அது நீரன்று, ஹைட்ரஜன் பெராக்ஸைடு என்னும் வேறொரு பொருள். அணுக்களின் எண்ணிக்கையைச் சொல்லின் எழுத்துக்களுக்கு ஒப்பிடலாம். 'கல்' என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். 'கால்' என்று எழுதினால் கல் பெரிதாகிவிடாது. ஆகவே நீருக்கு முன்னால் 2 என்று எழுதி, ஹைட்ரஜனுக்கு முன்னாலும் 2 என்று எழுதவேண்டும். வாய்பாட்டின் உட்புறம் கைவைக்கலாகாது.

அடுத்து வருவது மோல். வடநாட்டுச் சந்தையில் மோல் என்றால் விலை. ரசாயனத்தில் அஃது ஓர் எண்ணிக்கை. டஜன் என்றால் 12 என்பதுபோல், மோல் என்றால் 602-இன் பின்னர் 21 சுழிகள் இட்டால் வரும் எண் என்று ஏறக்குறையக் கொள்ளலாம். 2019-ஆம் ஆண்டு மே 20 முதல் இவ்வெண் உலக அளவைகளில் அறுதியாக நிலைநிறுத்தப்பட்டுவிட்டது. இதனை யார் எண்ணுவது என்னும் வினா எழும். எவரும் எண்ணவேண்டியதில்லை, நிறுத்தால் போதும். கொட்டைப் பாக்கை ஒவ்வொன்றாக எண்ணாமல், நூறு பாக்கின் எடை அறிந்துகொண்டு மூட்டையை நிறுத்து எண்ணிக்கை கூறும் வணிகர் செய்வதும் இதுவே. கார்பன் அணுவின் நிறை 12 என்றால் 12 கிராம் கார்பன் ஒரு மோல். ஆக்சிஜன் அணுக்கள் 16 கிராம் ஒரு மோல்.

சமையலறையில் உள்ள ஆப்பச் சோடாவை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் ஸோடியம் பைகார்பனேட். அதில் ஸோடியம் ஒன்று, ஹைட்ரஜன் ஒன்று, கார்பன் ஒன்று, ஆக்சிஜன் மூன்று. 23, 1, 12, 48 இவற்றைக் கூட்டினால் 84. ஆகவே ஒரு மோல் சோடா 84 கிராம். சோடாவைச் சூடாக்கினால் ஒவ்வொரு இரண்டு மோலிலிருந்தும் ஒரு மோல் ஸோடியம் கார்பனேட்டும், ஒரு மோல் நீராவியும், ஒரு மோல் கரியமில வாயுவும் வெளிப்படுகின்றன. "4.2 கிராம் சோடாவிலிருந்து எவ்வளவு கரியமில வாயு கிடைக்கும்?" என்பது கணக்கு.

4.2-ஐ 84-ஆல் வகுத்தால் 0.05 மோல். வாயு அதில் பாதி, 0.025 மோல். கரியமில வாயுவின் ஒரு மோல் 44 கிராம், எனவே 1.1 கிராம். அதேபோல ஸோடியம் கார்பனேட் 2.65 கிராம், நீர் 0.45 கிராம். மூன்றையும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்: சரியாக 4.2. ரசாயன மாற்றத்தில் பொருளின் மொத்த நிறை மாறுவதில்லை என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் லவாய்ஸியே தராசைக்கொண்டு நிறுவினார். கூட்டுத்தொகை ஒத்துவராவிடின் பிள்ளையின் கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள். ரசாயனம் அறியாத பெற்றோரும் இக்கூட்டலைச் சரிபார்க்கலாம்.

இக்கணக்கு இல்லத்தரசியர்க்கு முன்பே தெரிந்த ஒன்றையும் விளக்குகிறது. சோடா மிகுந்துவிட்ட பஜ்ஜியில் ஒருவகைச் சவுக்கார வாடை வீசும். மேலே நாம் கண்ட 2.65 கிராம் ஸோடியம் கார்பனேட்டே அதற்குக் காரணம். துணி வெளுக்கும் சலவைச் சோடாவும் இதுவேயாகும். புளித்த மோரில் கரைத்த மாவில் அவ்வாடை எழுவதில்லை. மோரிலுள்ள அமிலத்தோடு சோடா சேரும்போது கார்பனேட் எஞ்சுவதில்லை. அமிலம் போதிய அளவு இருந்தால் சோடாவிலுள்ள கார்பன் முழுவதும் வாயுவாகிவிடுகிறது. அதாவது ஒரு மோல் சோடாவிற்கு அரை மோல் அன்று, ஒரு மோல் வாயு. அதே 4.2 கிராம் சோடா இப்போது 2.2 கிராம் வாயு தரும். புளித்த மாவிற்குச் சோடா பாதி போதும் என்று பாட்டிமார் கூறுவது கணக்கோடு ஒத்துப்போகிறது.

இவ்வாயு எத்தனை லிட்டர் இடத்தை நிரப்பும் என்பது பெரும்பாலும் அடுத்த வினாவாக வரும். 0 டிகிரி வெப்பநிலையிலும் சாதாரண வளிமண்டல அழுத்தத்திலும் எவ்வாயுவாயினும் ஒரு மோல் ஏறத்தாழ 22.4 லிட்டர் இடத்தைக் கொள்ளும். ஆகவே சூடாக்கிய சோடாவின் வாயு 0.56 லிட்டர், மோரில் இட்ட சோடாவின் வாயு 1.12 லிட்டர். ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கும் வெண்பொடியிலிருந்து ஒரு லிட்டருக்கு மேல் வாயு! 30 டிகிரி உள்ள நம் சமையலறையில் ஒரு மோல் 22.4 லிட்டராக இராது. விரிந்து 25 லிட்டரை நெருங்கும். அந்த விரிவை எவ்வாறு கணக்கிடுவது என்பதைப் பிள்ளை மேல்வகுப்பில் பயில்வான். 273-ஐ எதனோடு கூட்டவேண்டும் என்று அன்று அவனே நமக்குக் கூறுவான்.